தனி வேலி போதாது. ஊர் வேலி வேண்டும்

பங்குனி பிறந்தால் குற்றாலத்து அருவிகளின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பொங்கி விழுந்த தண்ணீர், பாறையை ஒட்டிக் கசியும் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. தென்காசி, செங்கோட்டை வட்டாரங்களில் பிசான நெல் அறுவடை முடிந்து வயல்களில் தாள் மட்டும் நிற்கிறது. குளங்களில் தண்ணீர் அடிமடைக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் மலையடிவாரத்தில் கிணறு உள்ள தோட்டங்களில் அப்போதுதான் வேலை மும்முரமாகிறது. மாமரத்தில் பூ உதிர்ந்து பிஞ்சு திரளும் நேரம் அது. எலுமிச்சைக்குக் கோடை விலை கிடைக்கும் நேரமும் அதுவே. பாவூர்ச்சத்திரம் சந்தைக்குப் போக வேண்டிய தக்காளியும் வெண்டையும் மிளகாயும் காலைப் பாய்ச்சலை நம்பி நிற்கின்றன. வாழைப்பூவில் தேன்சிட்டு தேன் குடிக்கிறது. வேலியோரம் செம்போத்து புழு பொறுக்குகிறது. விடியற்காலையில் குயில் ஓயாமல் கூவுகிறது.

பகலில் இப்படி இருக்கும் தோட்டம், இரவில் வேறாகிவிடுகிறது. காட்டில் புல் காய்ந்து ஓடை வற்றும் காலத்தில், மலைக்குக் கீழே பச்சையாகத் தெரிவது இந்தத் தோட்டங்கள் மட்டுமே. காட்டுப்பன்றி நிலக்கடலையையும் கிழங்கையும் கிளறிப் போடுகிறது. வாழையின் அடியைத் தோண்டுகிறது. மிளா இளந்தளிரை மேய்கிறது. வடகரை, மேக்கரை, சொக்கம்பட்டிப் பகுதிகளில் யானை இறங்கித் தென்னையைச் சாய்த்துக் குருத்தைத் தின்கிறது. ஏழெட்டு ஆண்டு பிள்ளைபோல் வளர்த்த தென்னை ஓர் இரவில் போய்விட்டால், அந்தக் குடும்பத்தின் வயிற்றெரிச்சலை வார்த்தையில் சொல்லி முடியாது.

விலங்கு இறங்குவது இங்கே புதிதல்ல. வள்ளி தினைப்புனம் காத்த கதையை அறியாதவர் இல்லை. பரண் கட்டிக் கவண் வீசிக் காவல் காத்ததும் இந்த மலையடிவாரத்து வழக்கம்தான். மாறியிருப்பது காவல் முறை. முன்பு பத்துப் பேர் சேர்ந்து காத்த காட்டை, இன்று ஒவ்வொருவரும் தனித்தனியே காக்க முயல்கிறார்கள். கூலி ஆள் கிடைப்பதில்லை. பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் வயதான தம்பதியர் இரவெல்லாம் டார்ச் விளக்கோடு விழித்திருக்க முடியாது. அந்தக் களைப்பிலும் கோபத்திலும்தான் ஒரு தவறான யோசனை பிறக்கிறது. பம்புசெட் மின்சாரத்தைக் கம்பியில் விட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்பதே அந்த யோசனை.

கம்பி ஆளைப் பார்த்துக் கொல்வதில்லை

பம்புசெட்டுக்கு வரும் மின்சாரம் இடைவிடாமல் பாய்வது. அதைத் தொட்டவர் கையை எடுக்க முடியாது. பன்றிக்காகக் கட்டிய கம்பியில் விடிவதற்கு முன் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்துத் தோட்டக்காரர் விழலாம். கட்டியவரின் சொந்த மகனே விழலாம். இத்தகைய சாவுகள் தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் செய்தியாகின்றன. ஆள் இறந்தால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு வழக்கு வருகிறது. மின்சாரத் திருட்டுக்கு 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழ் இன்னொரு வழக்கு வருகிறது. யானை இறந்தால், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. ஒரு பருவத்து வாழையைக் காப்பாற்றப் போய், நிலத்தையே விற்று வழக்கு நடத்தும் நிலைக்கு ஒரு குடும்பம் வந்துவிடுகிறது.

விஷம் வைப்பதும் அவுட்டுக்காய் வைப்பதும் இதே வகைதான். விஷம் கலந்த தீனியைப் பன்றி மட்டும் தின்பதில்லை. வீட்டு நாயும் தின்கிறது; மேய வந்த மாடும் தின்கிறது. அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து, பல நாள் தண்ணீர்கூடக் குடிக்க முடியாமல் துடித்துச் சாகிறது. வலி தாங்காமல் அலையும் அந்த யானை, அதே ஊர் மக்களுக்குத்தான் ஆபத்தாகிறது.

துப்பாக்கி தீர்வாகுமா?

பன்றியைச் சுட அனுமதி வேண்டும் என்பது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை. 2025 ஜனவரியில் தமிழக அரசு இதில் ஒரு முடிவை அறிவித்தது. அதன்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டும் வனத்துறையினர் சுடலாம். சமவெளி விவசாயிக்கு இது ஓரளவு ஆறுதல். ஆனால் மலையை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவருக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. அதிகச் சேதம் அடைபவர் முதல் கிலோமீட்டருக்குள் இருக்கிறார். அங்கே துப்பாக்கிக்கு இடமில்லை.

இடம் இருந்தாலும் தொல்லை தீர்ந்துவிடும் என்று சொல்வதற்கில்லை. செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில், பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுக்கப்பட்டது. அங்கும் பன்றித் தொல்லை ஓயவில்லை. பன்றி ஓர் ஈற்றில் நாலைந்து குட்டிகள் போடுவது. ஒளிந்துகொள்ளப் புதரும், தின்னப் பயிரும் இருக்கும்வரை சுட்டதன் இடத்தை இன்னொன்று நிரப்பிவிடும். ஆகவே பயிருக்கும் விலங்குக்கும் நடுவே நல்ல வேலி ஒன்றுதான் நிலையான வழி. அந்த வேலியை யார் போடுவது, எப்படிப் போடுவது என்பதே கேள்வி.

ஒரு சிறு கணக்கு

சதுரமான 2 ஏக்கர் நிலத்தைச் சுற்றி வேலி போடச் சுமார் 360 மீட்டர் நீளம் தேவை. அருகருகே இப்படி 20 குடும்பங்கள் தனித்தனியே போட்டால் மொத்தம் 7,200 மீட்டர் ஆகிறது. அந்த 20 பேரும் சேர்ந்து தங்கள் 40 ஏக்கரையும் ஒரே சதுரமாக வளைத்தால் போதுமானது சுமார் 1,600 மீட்டர்தான். ஒரு குடும்பத்தின் பங்கு 80 மீட்டர். தனியாகப் போட்டால் ஆகும் செலவில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு. நிலங்கள் எல்லா இடத்திலும் இப்படிச் சதுரமாக அமைவதில்லை என்பது உண்மையே. கோணலும் மாணலுமாக இருந்தாலும், கூடிப் போட்டால் செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். சிறு விவசாயிக்கு எட்டாத சூரிய மின்வேலி, ஊர் கூடினால் எட்டக்கூடியதாகிறது.

சூரிய மின்வேலி என்பது பம்புசெட் மின்சாரத்தைக் கம்பியில் விடுவது அல்ல. சூரியத் தகடு பகலில் 12 வோல்ட் பேட்டரியை நிரப்புகிறது. பேட்டரியோடு இணைந்த கருவி, நொடிக்கு ஒருமுறை மட்டும் மிகக் குறுகிய அதிர்வைக் கம்பிக்கு அனுப்புகிறது. அதிர்வு பலமானதுதான், ஆனால் அது நீடிப்பது ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. தொட்ட விலங்கு திடுக்கிட்டுப் பின்வாங்கும், சாகாது. இதற்கும் விதி உண்டு. மின்வேலிகளுக்கு அனுமதியும் பதிவும் தேவை என்று 2023இல் தமிழக அரசு விதிகள் கொண்டுவந்தது. கருவி தரமானதாக இருக்க வேண்டும்; அனுமதி பெற்ற பிறகே வேலை தொடங்க வேண்டும்.

இலங்கையின் வறண்ட பகுதிகளில் யானைத் தொல்லை இங்கிருப்பதைவிட அதிகம். அங்கே காட்டு இலாகா எல்லையில் போடப்பட்ட நீண்ட மின்வேலிகள் பல இடங்களில் பலன் தரவில்லை. யானை வேலிக்கு இரு புறமும் இருந்தது. வேலியைக் கவனிக்க ஆளும் இல்லை. பிறகு சில ஊர்களில் நெல் வயல்களை ஒட்டி, பயிர் நிற்கும் மாதங்களில் மட்டும் உழவர்களே கூடி வேலி போட்டார்கள். அறுவடை முடிந்ததும் கழற்றி வைத்தார்கள். அதன் பிறகு யானை வந்து தாளை மேய்ந்துவிட்டுப் போயிற்று. பயிர் தப்பியது. வேலியால் பயன் அடைபவரே வேலியைப் பார்த்துக்கொண்டதுதான் அங்கே கிடைத்த வெற்றியின் காரணம்.

வேலி போட்டால் மட்டும் போதாது

ஊர் வேலி போட்ட பிறகு, முறை வைத்துக் கவனிப்பது முக்கியம். கம்பியில் புல்லோ கொடியோ பட்டால் அதிர்வு மண்ணில் இறங்கி வீணாகும். வாரம் ஒருமுறை கம்பிக்கு அடியில் செதுக்கிவிட வேண்டும். கோடையில் மண் காய்ந்து கிடப்பதால் எர்த் சரியாகச் சேராது. எர்த் குழியில் தண்ணீர் ஊற்றி ஈரம் காக்க வேண்டும். பன்றிக்கு அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்க வேண்டும். அதைவிட உயர்ந்தால் பன்றி கீழே நுழைந்துவிடும். யானை வழக்கமாகப் போகும் தடத்தையும் ஓடைக்கரையையும் மறிக்கக்கூடாது. மறித்தால் அது வேலியை முறித்துக்கொண்டு வரப் பழகிவிடும்.

வேலியின் வெளிப்புறம் உயிர்வேலியும் வேண்டும். கிளுவை, களா, முள்மூங்கில் ஆகியவை இதற்கு ஏற்றவை. கிளுவைப் போத்துகளுக்குச் சித்திரையில் குழி எடுத்து வைத்து, ஆனி சாரலில் நட்டால் தண்ணீர்ச் செலவு இல்லை. நான்கைந்து ஆண்டில் அடர்ந்துவிடும். ஆட்டுக்குத் தழையும் அடுப்புக்கு விறகும் கிடைக்கும். மக்காச்சோளம் போடுவோர் ஓரத்தில் நான்கு வரிசை ஆமணக்கை நெருக்கமாக விதைத்தால் பன்றி உள்ளே வரத் தயங்கும்.

உயிர்வேலி இருக்கும் தோட்டத்தில் வேலைக்காரர்களும் தாமே வந்து சேர்கிறார்கள். கூகை இரவில் எலியைப் பிடிக்கிறது. தென்னையில் குரும்பையைக் கடித்து உதிர்க்கும் எலிக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. வயலில் ஏக்கருக்கு 15, 20 இடங்களில் பறவை அமரக் குச்சி நட்டாலே போதும். செலவு ஒன்றும் இல்லை. தேனீ மாவையும் எலுமிச்சையையும் நாடி வந்து காய்ப்பைக் கூட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய தாய்சாக்புரூட் என்ற நச்சுயிரி நோயால் இந்தியத் தேனீக் கூட்டங்கள் பெருமளவு அழிந்தன. அந்த இழப்பிலிருந்து மெல்ல மீண்ட தேனீயை, பூக்கும் நேரத்தில் பூச்சிமருந்து தெளித்து மீண்டும் கொன்றுவிடக்கூடாது. மயில் நாற்றையும் தக்காளியையும் கொத்துவது உண்மைதான். ஆனால் அது பகலில் வரும் பறவை. நாற்றங்காலுக்கு வலையும், காலை மாலை விரட்ட ஓர் ஆளும் போதும். விஷம் வைத்தால் மயிலோடு கூகையும் போய்விடும். எலி மட்டும் மிஞ்சும்.

அரசின் கடமை

ஊர் கூடுவது விவசாயிகளின் பொறுப்பு என்றால், அரசுக்கும் பொறுப்பு உண்டு. காட்டைக் காப்பது நாட்டு நலனுக்காக. நெல்லை வன உயிரினச் சரணாலயம் 2015இல் அறிவிக்கப்பட்டதும் எல்லோருக்கும் உரிய நன்மைக்காகத்தான். அந்த நன்மையின் செலவை மலையடிவாரத்துச் சிறு விவசாயி மட்டும் சுமப்பது நியாயமல்ல.

முதலாவதாக, சேத நிவாரணம் அடுத்த சாகுபடிக்கு முன்பே கைக்கு வர வேண்டும். அடங்கல் நகல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, வனச்சரக அலுவலகம் என்று பல நாள் கூலியை இழந்து அலைந்தபின் வரும் பணம், கடனுக்கு வட்டி கட்டவே போய்விடுகிறது. சேதமான மறுநாளே படம் எடுத்து மனுக் கொடுப்பது விவசாயியின் வேலை. குறித்த நாளுக்குள் பார்வையிட்டு முடிவு சொல்வது இலாகாவின் வேலை. இரண்டாவதாக, சூரிய மின்வேலி மானியத்தில் கூட்டாக மனுச் செய்யும் சிறு விவசாயிகளுக்கு முன்னுரிமை வேண்டும். மூன்றாவதாக, குளங்களில் மண்டியிருக்கும் சீமைக்கருவேலம் பன்றிக்குப் பகல்நேர வீடாக இருக்கிறது. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022இல் அரசே கொள்கை வெளியிட்டிருக்கிறது. கோடையில் தண்ணீர் வற்றும் நேரமே இந்த வேலைக்கு ஏற்றது.

பக்கத்துத் தோட்டக்காரர் சம்மதிக்க மாட்டார், வெளியூரில் இருக்கும் பட்டாதாரர் பணம் தர மாட்டார் என்று சிலர் தயங்குவார்கள். தயக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இதே ஊர்களில் பல தலைமுறையாக ஒரே குளத்துத் தண்ணீரைப் பங்கிட்டு வந்திருக்கிறார்கள். குடிமராமத்தாக ஊரே கூடிக் கரை உயர்த்தி, வாய்க்கால் தூர் வாரியிருக்கிறார்கள். மடை திறக்க ஓர் ஆளை வைத்து, அவருக்கு ஏக்கர் கணக்கில் நெல் அளந்திருக்கிறார்கள். தண்ணீருக்குக் கைவந்த முறை வேலிக்குக் கைவராமல் போகாது. முதலில் நான்கு குடும்பம் சேர்ந்து தொடங்கினால், அந்தத் தோட்டம் தப்புவதைப் பார்த்து ஐந்தாவது குடும்பம் தானே வந்து கேட்கும்.

ஆனியில் சாரல் தொடங்கியதும் கார் சாகுபடி வேலையில் எல்லோரும் மூழ்கிவிடுவார்கள். கூடிப் பேசவும், நிலம் அளக்கவும், மனு எழுதவும் பங்குனியும் சித்திரையுமே ஓய்ந்த மாதங்கள். ஒவ்வொரு மலையடிவார ஊரிலும் இந்தக் கோடையில் ஒரு மாலை இதற்கென்று ஒதுக்கப்பட வேண்டும். அடுத்த பங்குனியில் தோட்டத்துக் குடும்பம் இரவில் நிம்மதியாகத் தூங்கி, விடியற்காலையில் குயில் சத்தம் கேட்டு எழுவதற்கு அந்த ஒரு மாலைதான் விதை.