கோல நோட்டும் அஞ்சறைப் பெட்டியும்

நம் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் ஒரு நோட்டுப் புஸ்தகம் இருக்கும். அதன் அட்டையில் பெயரும் இராது, தேதியும் இராது. முன்பக்கத்தில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் காணப்படும். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் கோலங்கள்! தேரும், பொங்கல் பானையும், தாமரையும், இன்னதென்று பெயர் சொல்ல முடியாத சிக்குக் கோலங்களுமாகப் பத்திருபது வருஷத்து மார்கழி மாதங்கள் அந்தப் பக்கங்களுக்குள் அடங்கிக் கிடக்கும்.

மேல்நாட்டுச் சித்திரக்காரர்களின் குறிப்புப் புஸ்தகங்களைப்பற்றி நேயர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். லியனார்டோ டாவின்ஸி கையால் கிறுக்கிய ஏடுகளை வின்ஸர் அரண்மனையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு நோட்டோ, வெள்ளையடிக்கும் சமயத்தில் பழைய பத்திரிகைகளோடு சேர்ந்து தராசில் ஏறிவிடுகிறது. டாவின்ஸிக்கும் நம் பாட்டிமார்களுக்கும் போட்டி வைப்பது நம் நோக்கமன்று. ஆனால் டாவின்ஸியின் படங்கள் சுவரிலும் பலகையிலும் இருக்கின்றன. கோலமோ விடியற்காலையில் பிறந்து பிற்பகலுக்குள் காலடிகளில் மறைந்துபோவது. அந்த நோட்டும் போய்விட்டால் ஒரு ஸ்திரீ ஐம்பது வருஷம் வாசலில் குனிந்து செய்த வேலைக்குச் சாட்சியமே இல்லை.

இந்தக் கலையைக் கற்றோர் அலட்சியம் செய்துவிட்டதாகவும் சொல்ல முடியாது. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கிப்ட் சிரோமணி என்பவரும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய இரு கணித விற்பன்னர்களும் சேர்ந்து 1974-ஆம் ஆண்டில் கோலங்களைப்பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். பாஷைக்கு இலக்கணம் இருப்பதுபோல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு, அதைக் கம்ப்யூட்டர் சாஸ்திரத்தின் விதிகளாக எழுதிக் காட்டலாம் என்பது அதன் சாரம். நம் வீட்டுப் பெண்மணிகள் அந்த இலக்கணத்தை வெகு காலமாகக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டுதான் வருகிறார்கள்.

இனி, நோட்டு வைத்துக்கொள்ளும் முறையைக் கவனிப்போம். விலையுயர்ந்த, தோல் அட்டை போட்ட புஸ்தகம் வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்ட புஸ்தகத்தில் முதற்பக்கம் கெட்டுவிடுமோ என்ற பயத்தினால் கடைசி வரையில் ஒன்றும் எழுதாமலே வைத்திருப்பவர்களை நாம் அறிவோம். கட்டம் போட்ட கணக்கு நோட்டே உத்தமம். நேர்ப்புள்ளிக் கோலத்துக்குக் கட்டத்தின் மூலைகள் போதும். ஊடு புள்ளி வைக்கும்போது ஒரு மூலை விட்டு ஒரு மூலையில் புள்ளியிட்டால், அடுத்த வரிசைப் புள்ளி நடுவிலுள்ள மூலையில் சரியாக வந்து விழும். பென்ஸிலால் போடுவது நல்லது. சாதாரணப் பேனா மை தண்ணீர் பட்டால் ஓடிவிடும். வர்ணப் பேனாக்களின் சாயம் பல வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். பென்ஸில் கோட்டுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

சித்திரத்தைக் காட்டிலும் பக்கத்தில் எழுதும் குறிப்பே முக்கியம் என்பது நம் அபிப்பிராயம். “15 புள்ளி, 8 வரை, ஊடு புள்ளி” என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நடுவரிசையில் 15 வைத்து, இரு பக்கமும் ஒவ்வொன்றாகக் குறைத்து 8-இல் நிறுத்த வேண்டும், ஆக மொத்தம் 169 புள்ளிகள் என்று தெரிந்தவர்கள் கண்டுகொள்வார்கள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கோலம் வெறும் படமாகப் போய்விடுகிறது. யாரிடம் கற்றது, எந்தப் பண்டிகைக்குப் போட்டது, சிக்குக் கோலமானால் ஒரே இழையாக முடிகிறதா, இரண்டு மூன்று இழைகளா என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

சென்ற தை மாதம் நண்பர் ஒருவர் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவருடைய தாயாருக்கு எண்பது வயதுக்குமேல் இருக்கும். பழைய நோட்டு ஒன்றை மருமகள் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். நல்ல நல்ல கோலங்கள். ஆனால் புள்ளிகளைக் காணோம். கோடுகளை மட்டும் வரைந்திருந்தார்கள்.

“இதற்குப் புள்ளி எத்தனை, அம்மா?” என்று கேட்டோம்.

“எண்ணிச் சொல்லத் தெரியாது, ஸார். கைக்குத்தான் தெரியும். மாவைக் கொண்டா, போட்டுப் பார்க்கிறேன்” என்றார் அந்த அம்மாள், மருமகளைப் பார்த்து.

ஒரு தாம்பாளத்தில் மாவைப் பரப்பிக் கொடுத்தார்கள். நடுங்கும் விரலால் மெதுவாக வைத்துக்கொண்டே போனார். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணி எழுதிக்கொண்டாள். முதற்கோலம் வந்துவிட்டது. இரண்டாவது பாதியில் நின்றது. மூன்றாவதைச் சற்று நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்க அக்கா போட்டது, எனக்கு வராது” என்று நோட்டை மூடிவிட்டார். அந்த அக்காள் காலமாகிப் பல வருஷமாகிறதாம்.

இக்காலத்தில் செல்போனில் படம் எடுத்துக்கொள்கிறோமே, நோட்டு எதற்கு என்று சில யுவதிகள் கேட்கலாம். எடுக்கட்டும். ஆனால் கலியாணப் படங்களும் கடைச் சீட்டுகளுமாக ஆயிரக் கணக்கில் குவிந்து கிடக்கும் இடத்தில் சென்ற வருஷத்துக் கோலத்தைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. மேலும், கோலம் முடிந்தபிறகு எடுத்த படத்தில் எங்கே ஆரம்பித்தார்கள் என்பது தெரிவதில்லை.

அடுத்தபடியாகச் சாமான்கள். நம் நாட்டில் சாமானை ஒழுங்கு செய்வதற்கு அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறந்த குரு கிடையாது. மூடியை ஒரு தரம் திறந்தால் எல்லாம் கண்ணில் படும். ஒன்று மற்றொன்றோடு கலவாது. கடுகை எடுக்க மிளகை நகர்த்த வேண்டியதில்லை. உபயோகமற்றுப் பரண்மேல் கிடக்கும் மர அஞ்சறைப் பெட்டியை இறக்கித் துடைத்தால் பொத்தானுக்கும் மணிக்கும் ஊசிக்கும் அதுவே போதும். தையல் நூல்களைச் சிறு அட்டைத் துண்டுகளில் சுற்றி, வாங்கிய நூலின் எண்ணை அட்டையிலேயே எழுதிவிட வேண்டும். பாதிப் பூ முடிந்தபின் நூல் தீர்ந்து, கடைக்காரரிடம் “அந்தச் சிவப்பு” என்று கேட்டு நிற்பவர்களின் கஷ்டம் அப்பொழுது இராது. ஊசிகளை ஈரமில்லாத கம்பளித் துணியில் குத்தி வைக்க வேண்டும். கடற்கரை ஊர்களில் துரு சீக்கிரம் பிடிக்கும், துருப்பிடித்த ஊசி துணியில் கறை வைத்துவிடும்.

தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்தி வைக்கலாகாது, மயிர் வளைந்துபோகும். கழுவி, விரலால் நுனியைக் கூராக்கிப் படுக்கவைத்து உலர்த்துவதே முறை. (கடைகளில் ஒட்டக ரோமத் தூரிகை என்று விற்பதற்கும் ஒட்டகத்துக்கும் ஒரு சம்பந்தமுமில்லை, பெரும்பாலும் அது அணில் போன்ற பிராணிகளின் ரோமம்.)

கோலப் பொடி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாயிருக்க வேண்டும். அரிசி மாவும் கல் மாவும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கல் மாவு டப்பாவைச் சமையலறைக்குள் வைக்கவே கூடாது. பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டி வாசற்பக்கத்தில் வைக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் செலவு அதிகமில்லை. 1938-இல் ஹரிபுரா காங்கிரஸுக்காக நந்தலால் போஸ் தீட்டிய படங்களை நேயர்கள் அறிந்திருக்கலாம். கையால் செய்த காகிதத்தில் மண் வர்ணங்களைக்கொண்டு எழுதியவை அவை. நம் வீட்டில் குறைவது பணமன்று, இடம். பத்திரிகை படிப்பதற்கென்று கிருகஸ்தருக்கு ஒரு நாற்காலியும் மேஜையும் உண்டு. குழந்தைகளின் புஸ்தகத்துக்கு அலமாரி உண்டு. வீட்டு அம்மாளின் வர்ணமும் நூலும் மட்டும் ஒரு பிஸ்கோத்து டப்பாவுக்குள் அடைந்து, அந்த டப்பா யாருக்காவது இடைஞ்சல் என்று வாரத்துக்கொரு மூலையாகச் சுற்றி வருகிறது. அலமாரியில் கைக்கெட்டும் உயரத்தில் ஒரு தட்டை அவளுக்கென்று ஒழித்துக் கொடுத்து, அதில் வேறு யாரும் சாவியோ மருந்துச் சீட்டோ வைப்பதில்லையென்று வீட்டார் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை எழுதும்போது எத்தனை கிருகஸ்தர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும்.

பழைய நோட்டு ஏற்கெனவே கிழிந்திருந்தால், ஒளி ஊடுருவும் ஒட்டுக் காகிதத்தை அதன்மேல் ஒட்டிவிடாதீர்கள். சில வருஷங்களில் அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும். மெல்லிய காகிதக் கீற்றைக் கோதுமை மாப்பசையால் பின்புறம் ஒட்டி, கனமான புஸ்தகத்தின் அடியில் ஓர் இரவு வைத்தால் போதும். தனித் தாள்களாக உதிர்ந்துவிட்டவற்றைப் பக்க வரிசை மாறாமல் ஒரு துணி உறைக்குள் வைத்து, உறையின்மேல் அவை யாருடைய கோலங்கள் என்று பெயரை எழுதி வையுங்கள்.