யாருமற்றவருக்காக யார் கையெழுத்திடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை நிர்வகிக்க அவர் மனைவியையே காப்பாளராக நியமித்து, 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகும்படி தனி நீதிபதி சொல்லிவிட, மேல்முறையீடு செய்த பிறகே அது கிடைத்தது. கோமா நோயாளிக்குக் காப்பாளரை நியமிக்கத் தனிச் சட்டம் இல்லாததே காரணம். வழக்காட மனைவி இருந்தவருக்கே இந்த அலைச்சல் என்றால், யாருமற்றவர் கதி என்ன?

இருக்கும் சட்டங்கள் ஒட்டுப்போட்ட துணியாகத்தான் இருக்கின்றன. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு, 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் குழு காப்பாளரை நியமிக்கிறது. மனநோயாளிகளுக்கு மாவட்ட நீதிமன்றமே காப்பாளரை நியமிக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிவிட்டிருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வழி இல்லை. சிகிச்சைக்கு மட்டும் ஒரு பிரதிநிதி உண்டு. தகுந்தவர் எவரும் இல்லையெனில் சமூக நலத் துறை இயக்குநர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். ஆக, மருந்து கொடுக்கச் சம்மதிக்க அரசு இருக்கிறது. அந்த மருந்தை வாங்க, நோயாளியின் ஓய்வூதியக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத்தான் ஆளில்லை. இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்வதாக ஆய்வு மதிப்பிடுகிறது. இது எங்கோ சிலருடைய பிரச்சினை அல்ல.

யாருமற்றவருக்கு அரசே காப்பாளராகட்டும் என்றால், அரசிடம் கொடுத்தால் சொத்து கரைந்துவிடும் என்பார்கள். நியாயமான அச்சம்தான். ஆனால் இன்று ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறதோ அவரே காப்பாளர். அவரிடம் கணக்குக் கேட்பார் இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டமோ, ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலையும் ஆண்டுதோறும் வரவுசெலவுக் கணக்கையும் காப்பாளரிடம் கேட்கிறது. அந்த விதியை எல்லோருக்கும் விரித்தால் போதும். காப்பாளர் வந்தால் அந்த மனிதரின் விருப்பம் நசுங்கிவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். இதற்கும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே விடை உண்டு: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவருடைய விருப்பத்தை ஒட்டியே நடக்கும் வரம்புக்குட்பட்ட காப்புரிமை. நீதிமன்றம் நியமிப்பவர்களைக் கண்காணிக்கச் சிங்கப்பூரில் பொதுக் காப்பாளர் அலுவலகமே இயங்குகிறது.

இது மத்திய அரசின் வேலை என்று கைகழுவவும் முடியாது. மனநலம், மனவளர்ச்சிக் குறைபாடு தொடர்பான பொருள் அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் 16ஆவது இனமாக இருப்பதால், மாநிலமும் சட்டம் இயற்றலாம். மாவட்டத்துக்கு ஒரு பொதுக் காப்பாளர், அவருக்கு மேல் மாவட்ட நீதிமன்றம், ஆண்டுதோறும் தணிக்கை என்று ஒரு மசோதாவைத் தமிழக அரசு சட்டமன்றத்தில் கொண்டுவர வேண்டும். இதைக் கேட்டு மனுப்போடும் நிலையில் சம்பந்தப்பட்டவர்கள் இல்லை என்பதால்தான் நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை