பாய்க்கும் குளியல் உண்டு!

நம்ம ஸ்ரீமுஷ்ணத்துக்குக் கடல் கிடையாது. பூவராகரே மாசி மகத்துக்குக் கிள்ளை வரைக்கும் போய்த்தான் தீர்த்தவாரி காண்கிறார். அப்புறம் எதுக்கு இந்த வாரம் பாய்மரப் படகுன்னு கேட்கிறீங்களா? 2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் படகு ஓட்டிய சென்னை நேத்ரா குமணன், அப்போ நம்மள மாதிரி இன்ஜினீயரிங் ஸ்டூடன்ட்!

அவரோட லேசர் ரேடியல் படகுக்கு ஒரே பாய்தான். 5.76 சதுர மீட்டர் பாலியஸ்டர். அது தளர்ந்தா, காத்து இருந்தும் வேகம் வராது. உப்பு காய்ஞ்சு படிகமாகி நூலை அராவும். ஈரத்தையும் இழுத்து வச்சுக்கும். அதனால கரையேறினதும் நல்ல தண்ணியில அலசி, நிழல்ல உலர்த்துங்க. காத்துல படபடன்னு அடிக்க விட்டீங்கன்னா துணியோட விறைப்பே போச்சு! சலாகைகளை உருவிட்டு, நம்ம வீட்டுக் கோரைப்பாய் மாதிரி சுருட்டுங்க, மடிக்காதீங்க. பையில போடுறதுக்கு முன்னாடி தையலைத் தொட்டுப் பாருங்க. ஈரம் கடைசியா ஒளிஞ்சிருக்கிறது அங்கேதான்.