மேட்டூர்ல மீன் குஞ்சு விட்டா மட்டும் போதுமா?

மேட்டூர் அணையில் மீன் குஞ்சு விட்டார்கள் என்று அடிக்கடி பேப்பரில் போட்டோ வரும். எத்தனை லட்சம் விட்டாங்கன்னு போடுவாங்க. அதுல எத்தனை பிழைச்சுதுன்னு அடுத்த வருஷம் யாரும் போடறதில்லை.

திருச்சி பக்கத்து விவசாயிக்கு மேட்டூர் மீன்ல என்ன அக்கறைன்னு கேப்பீங்க. எங்க வயலுக்கு வர்ற தண்ணியும் அந்த மீன் நீந்துற தண்ணியும் ஒண்ணுதாங்க.

கட்லா, ரோகு, மிர்கால் மூணும் மழைக்கால வெள்ளத்தில், ஓடுற தண்ணியில் முட்டையிடுற சாதி. தேங்கின தண்ணியில் தானாகப் பெருகாது. அதனால குஞ்சு விட்டுத்தான் ஆகணும், அதுல தப்பில்லை. ஆனா ஒரு அங்குலக் குஞ்சை அணைக்குள்ள கொட்டினா அது விராலுக்கும் வாளைக்கும் தீனி. பண்ணைக் குட்டையில் வளர்த்து, நாலு அங்குலமாவது ஆன பிறகு விடணும்னு மீன்வள விஞ்ஞானிகள் ரொம்ப காலமா சொல்றாங்க. அதுக்குத் தீவனம், இடம், ஆள் எல்லாம் வேணும். எண்ணிக்கை குறையும். போட்டோவுக்கு லட்சக்கணக்கு வராது. வராட்டிப் போகட்டுமே!

அடுத்தது எங்க வயித்துல கை வைக்கிற விஷயம். அணை 120 அடி நிறைஞ்சு நின்னா கிட்டத்தட்ட 59 சதுர மைல் தண்ணி. டெல்டாவுக்குத் திறக்கத் திறக்க கரை உள்ள போய்க்கிட்டே இருக்கும். கரையோரப் புல்லுல இட்ட முட்டை காய்ஞ்சு போகும். தப்பிச்ச தாய் மீனெல்லாம் மிச்ச தண்ணியில் நெருக்கியடிச்சு நிக்கும், வலை போட்டா அள்ளிடலாம். மீனுக்காகத் தண்ணியை நிறுத்துன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா ஊருக்குள்ள நடக்க முடியாது. வலையை நிறுத்தலாம். மட்டம் இவ்வளவுக்குக் கீழே போனா பிடிக்கக் கூடாதுன்னு ஒரு கோடு போடணும். நம்ம கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை இருக்கு, மீனவக் குடும்பத்துக்கு நிவாரணமும் இருக்கு. அணை மீனவருக்கும் அதே மாதிரி கொடுத்துட்டுத்தான் தடை போடணும். வெறுங்கையோட வீட்டுல உக்காருன்னா எவன் உக்காருவான்?

கடலிலிருந்து வெள்ளத்தை எதிர்த்து ஏறி வர்ற உல்லம் மீன் ஒரு காலத்தில் காவிரியிலும் இருந்தது. 1830களில் கொள்ளிடத்தில் மேலணை, கீழணை. 1934ல் மேட்டூர். வெள்ளம் வர்ற காலமும் மாறிப்போச்சு, மீனும் போச்சு. அமெரிக்காவில் 1930களில் எழுப்பின பானவில் அணையில் சால்மன் ஏறிப் போக மீனுக்குப் படிக்கட்டே கட்டினாங்க. நாம அந்த யோசனையைப் பெருசா எடுத்துக்கலை.

மேட்டூருக்குக் கீழேயும் மீன் இருக்குங்கறதை மறந்துடறோம். வழக்கப்படி ஜனவரி 28ல் அணையை மூடினா ஸ்ரீரங்கத்தைச் சுத்தி ரெண்டு பக்கமும் கொஞ்ச நாள்ல மணல்தான். கெண்டையும் கெளுத்தியும் மடுவில் ஒதுங்கும். மணல் அள்ளி ஆத்தோட போக்கையே குலைச்ச பிறகு நல்ல மடு கொஞ்சம்தான் மிச்சம். அதுலயும் நாமதான் மோட்டார் வைக்கிறோம். முக்கொம்புக்குக் கீழே நாலு மடுவையாவது கோடை முடியற வரைக்கும் இறைக்காம விடணும்னு எங்க ஊர்க் கூட்டத்துல பேசப் போறேன். கத்திரிச் செடிக்கு ரெண்டு தண்ணி குறையும், திட்டு விழும்.