கல்லெழுத்தும் கணினியும்

பழைய எழுத்தைக் கணினியில் ஏற்றிவிட்டாற் போதும், பண்பாடு பிழைத்துவிடும் என மனநிறைவு கொள்வோர் நம்மிடையே பெருகிவிட்டனர். எகிப்தியரின் சித்திர எழுத்துகளுள் 1071, 2009 ஆம் ஆண்டில் ஒருங்குறி அட்டவணையில் இடம்பெற்றன. 2024 இல் மேலும் 3995 சேர்ந்தன. பிராமி 2010 இல் ஏறிற்று. பழந்தமிழ்க் கல்வெட்டுகளுக்கு வேண்டிய எகர ஒகரக் குறில்களும் புள்ளியும் 2021 இல் ஏறின. நல்ல பணியே. ஆயின் ஒருங்குறி செய்வதென்ன? ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை வழங்குகிறது, அவ்வளவே. அந்த எண் கல்வெட்டை வாசித்துப் பொருள் கூறாது.

அவ்வட்டவணையை ஆளும் அமைப்பில் முழு வாக்குரிமை, கட்டணம் செலுத்தும் உறுப்பினருக்கே உரியது. கூகிள், அப்பிள், மைக்ரோசொவ்ற் போன்ற பெருமுதலாளிய நிறுவனங்கள் அவ்வரிசையில் உள்ளன. நம் எழுத்தின் காவலை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டு உறங்கலாமா?

நம் வன்னிக்கே வருவோம். வவுனியா மாவட்டத்துப் பெரியபுளியங்குளத்துக் குகைக் கல்வெட்டு, விசாகன் என்னும் தமிழ் வணிகனைப் பேசுகிறது. பரணவிதான 1970 இல் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதியில் அது இடம்பெற்றுள்ளது. எழுத்து பிராமி, மொழி பிராகிருதம், வணிகன் தமிழன், பௌத்தத் துறவியருக்குக் குகை அமைத்தளிக்கும் மரபைச் சேர்ந்தது அச்சாசனம். தமிழன் நேற்று வந்தவன் என்று முழங்குவோருக்கும், பௌத்தம் தமிழனுக்கு என்றுமே அந்நியம் என்று சாதிப்போருக்கும் அந்த ஒரே கல் மறுப்பாக நிற்கிறது. இரு சாராரின் இனவெறிக்கும் அது இடங்கொடாது.

எனினும் அதனை வாசிக்கத் தெரிந்தோர் நம் பாடசாலைகளில் எத்தனை பேர்? குருந்தூர்மலையும் வெடுக்குநாறிமலையும் உரிமைத் தகராறுகளின் களமாகிவிட்ட இந்நாளில், கல் கூறுவதை அதிகாரியோ துறவியோ பூசகரோ நமக்குச் சொல்ல வேண்டியுள்ளது. வாசிப்பை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்தவன் உரிமையையும் சேர்த்தே விட்டுக்கொடுக்கிறான்.

"பரீட்சையில் இது வராதே!" என்பர் சிலர். பரீட்சை கேளாததைக் காணித் தகராறு கேட்கிறது. பிராமி எழுத்துருக்கள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. எழுத்துகளும் சிலவே, ஒரு தவணையிற் கற்பித்துவிடலாம். தமிழாசிரியரும் வரலாற்றாசிரியரும் கைகோத்து, மாணவரைக் கல்லின் முன் நிறுத்தி வாசிக்கச் செய்யட்டும்.

பழம்பெருமை பேசும் மேடைகள் போதும். கல் எவரது தனிச்சொத்தும் அன்று. அதனைப் படிக்கும் மக்கள் அனைவரதும் சொத்து.