ரெண்டே சீட்டு, 500 கிலோமீட்டர்: ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துக்கிட்டு லாங் டிரைவ் கிளம்புறதுக்கு முன்னாடி...

சிவகாசி, திருத்தங்கல் பக்கம் வளர்ந்தவங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் புதுசு இல்லை. ஸ்கூல் நோட்டு அட்டை, காலண்டர், பட்டாசுப் பெட்டி லேபிள்னு எல்லாத்துலயும் அந்தச் சிவப்புக் கார் அச்சாகி வந்திருக்கும். ஆனா, அது ரோட்டுல ஓடி நேர்ல பார்த்தது குறைவு. இப்போ நிலைமை மெதுவா மாறுது. கல்யாண ரிசப்ஷன் வாசல்லயும், தீபாவளிக்கு முன்னாடி பட்டாசுக் கடை வரிசையிலயும் வெளியூர் நம்பர் பிளேட்டோட ரெண்டு சீட்டு கார்கள் எட்டிப் பார்க்குது.

திடீர்னு ஏன்?

2025-ல் நடந்த சில விஷயங்களைச் சேர்த்துப் பாருங்க. ஜூலையில் எம்.ஜி. நிறுவனம் 'சைபர்ஸ்டர்'ங்கிற ரெண்டு சீட்டு எலெக்ட்ரிக் ஸ்போர்ட்ஸ் காரை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. விலை சுமார் 75 லட்சம். அதே மாதம் 24-ம் தேதி இந்தியா - இங்கிலாந்து வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. நூறு சதவிகிதத்தைத் தாண்டிய கார் இறக்குமதி வரி, குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும் படிப்படியா 10 சதவிகிதமா குறையும்னு அதுல இருக்கு. செப்டம்பர் 22 முதல், பெரிய பெட்ரோல் கார்களுக்கு 28 சதவிகித ஜி.எஸ்.டி-யோட தனியா செஸ்னு இருந்தது மாறி, 40 சதவிகிதம்னு ஒரே வரி வந்தது. எலெக்ட்ரிக் காருக்கு 5 சதவிகிதம்தான்.

இன்னொரு பக்கம் அஜித்குமார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸுக்கான பயிற்சியில் அவர் ஓட்டின கார் தடுப்புல மோதிச் சுழன்றதை நாம எல்லாருமே ரிப்பீட் மோடுல பார்த்தோம். சில நாள்ல அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடிச்சது. நமக்குக் கண்ணுல பட்டது ஸ்டியரிங் பிடிச்ச கை. ஜெயிக்க வெச்சது, பிட்டுல நட்டு முடுக்கின கைகளும் சேர்ந்துதான்.

சரி, 75 லட்சம் நம்ம பட்ஜெட் இல்லை. நம்மில் பலருக்கு வழி வேற: செகண்ட் ஹேண்ட், நண்பனோட கார், இல்லேன்னா வாடகை. சிக்கலே அங்கதான் ஆரம்பிக்குது.

வெள்ளை பிளேட்டா, கறுப்பு பிளேட்டா?

சொந்தமா ஓட்டிக்கிற வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்கணும். வெள்ளை பிளேட் கார், சொந்த உபயோகத்துக்கு மட்டும். 'ஒருநாள் ரீல்ஸ் எடுத்துட்டுத் தந்துடு ப்ரோ'ன்னு காசு வாங்கிட்டு யாராவது வெள்ளை பிளேட் காரைக் கொடுத்தா, யோசிங்க. தனியார் கார் இன்ஷூரன்ஸ் பாலிசி வாடகை உபயோகத்தை ஏத்துக்காது. விபத்து நடந்தா, காருக்கு ஆன சேதத்துக்கான கிளெய்மை மறுக்க அவங்களுக்கு வழி இருக்கு. ஒரு ஸ்போர்ட்ஸ் காரோட முன்பக்க பம்பர், ஹெட்லைட் விலையை ஒருதடவை விசாரிச்சுப் பாருங்க, ரீல்ஸ் ஆசையே போயிடும்.

பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்க

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினவங்களுக்கு இதுதான் பெரிய கேள்வி. இப்போ பங்க்குகள்ல கிடைக்கிறது பெரும்பாலும் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். அதுக்காகவே வடிவமைக்காத வண்டிகள்ல மைலேஜ் 3 முதல் 6 சதவிகிதம் குறையலாம், சில பழைய வண்டிகள்ல ரப்பர் பாகங்கள், கேஸ்கெட் மாத்த வேண்டி வரலாம்னு பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கு. மூடியின் உள்பக்கம் 'இ10'னு இருக்கா, 'இ20'னு இருக்கான்னு பாருங்க. இ10 காரா இருந்தா, கிளம்புறதுக்கு முன்னாடி மெக்கானிக்கிட்ட பெட்ரோல் ஹோஸ்களைக் காட்டிடுங்க. மாசக்கணக்கா கவர் போட்டு நின்ன காருக்கு இது இன்னும் முக்கியம். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும்.

எலெக்ட்ரிக்னா கணக்கு வேற. சைபர்ஸ்டருக்குச் சோதனைச் சான்று 580 கிலோமீட்டர். திருத்தங்கல்ல இருந்து சென்னை 500-க்கு மேல. பேப்பர்ல ஒரே சார்ஜ்ல போயிடலாம். ரோட்டுல ஏ.சி., வேகம், எதிர்க்காத்து மூணும் சேர்ந்து அந்தக் கணக்கைச் சாப்பிட்டுடும். ஒரு சார்ஜிங் நிறுத்தமாவது முன்னாடியே முடிவு பண்ணி வெச்சுக்கங்க. அதுவும் வேலை செய்யலைன்னா அடுத்தது எதுங்கிறதையும்.

டயர், பிரேக், தரை

ஸ்போர்ட்ஸ் கார் குறைவா ஓடும். அதனால டயர்ல பட்டன் நல்லா இருக்கும், ரப்பர் கிழடாகியிருக்கும். டயர் பக்கவாட்டுல 'டாட்'னு தொடங்குற எண்ணோட கடைசி நாலு இலக்கம், தயாரான வாரமும் வருஷமும். 2319-னா 2019-ன் 23-வது வாரம். விருதுநகர் வெயில்ல சாயந்திரம்கூட கொதிக்கிற ரோட்டுல அந்த டயரை நம்பி நூத்துல போகாதீங்க. காத்து அளவைக் காலையில, வண்டி ஓடுறதுக்கு முன்னாடியே பாருங்க.

இந்தக் கார்கள் பலதுல ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் கிட்தான். ஆணி ஏறினா அது கைகொடுக்கும். டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிஞ்சா கொடுக்காது. ரெக்கவரி வேன் நம்பர் போன்ல இருக்கணும். தரை தொடுற காருக்குச் சக்கரம் நாலும் மேலே இருக்கிற தட்டு லாரிதான் வேணும்னு தெளிவா சொல்லுங்க.

பிரேக் ஆயில் மாத்தி ரெண்டு வருஷம் ஆச்சுன்னா மாத்திடுங்க. மேகமலை, கொடைக்கானல்னு இறங்குறப்போ, ஈரம் ஏறின பழைய ஆயில் சூட்டுல கொதிச்சு, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

அப்புறம் நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர். விதிப்படி 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்கணும். ஊருக்குள்ள யார் அளந்து போட்டாங்க? அவசரப்படாம, ஒரு சக்கரமா சாய்வா ஏத்தி இறக்குங்க. பின்னாடி ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.

டோல் விஷயத்துல ஒரு நல்ல செய்தி. 2025-ல் 3,000 ரூபாய்க்கு வந்த ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ்ல 200 முறை கடக்கலாம். வடக்கே கப்பலூர், தெற்கே எட்டூர்வட்டம்னு அடிக்கடி போறவங்களுக்கு லாபம். ஆனா மாநில நெடுஞ்சாலை டோல்ல செல்லாது. உங்க சொந்த, பதிவான காருக்கு மட்டும்தான்.

டிக்கியில் என்ன இருக்கு?

இதைத்தான் கடைசியா, கொஞ்சம் அழுத்தமா சொல்லணும். ஆன்லைன்ல பட்டாசு விற்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அதனால தீபாவளி நெருங்கினா வெளியூர்க்காரங்க காரை எடுத்துக்கிட்டு நேரா இங்க வந்துடுறாங்க. வந்த வேகத்துல டிக்கி நிறைய பெட்டி.

ரெண்டு சீட்டு கார்கள் சிலதுல இன்ஜின் சீட்டுக்குப் பின்னாடியே இருக்கும். பின் டிக்கி அதை ஒட்டியே இருக்கும். மணிக்கணக்கா ஓடின இன்ஜின் சூடு, ஒரு மெல்லிய தடுப்பு, அந்தப் பக்கம் வெடிமருந்து, இந்தப் பக்கம் நீங்களும் உங்க பக்கத்து சீட்டுக்காரரும். இந்தப் பகுதி மக்கள்கிட்ட கேளுங்க. 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை விபத்துல 30-க்கும் மேற்பட்டவங்க இறந்ததை அவங்க மறக்கலை. உரசலும் சூடும் என்ன செய்யும்னு அவங்களுக்குத் தெரியும். அதனாலதான் இங்க மருந்து அறைக்குள்ள செல்போன்கூட கொண்டுபோகக் கூடாதுன்னு கண்டிப்பா இருப்பாங்க.

பட்டாசு வேணும்னா உங்க ஊர்ல உரிமம் உள்ள கடையில வாங்குங்க. அதுவும் சிவகாசிச் சரக்குதான். டிக்கியில ரெண்டு பேருக்கு மாத்துத்துணி, தண்ணீர், பஞ்சர் கிட், சின்னத் தீயணைப்பான் இருந்தா போதும்.

காலண்டர்ல இருக்கிற காருக்கு டயர் தேயாது, பெட்ரோல் தீராது. ரோட்டுல ஓடுற காருக்கு எல்லாம் உண்டு. கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒரு மணி நேரம் அதுக்கு ஒதுக்குங்க. அப்புறம் விடியக்காலையில, வெயில் ஏறுறதுக்குள்ள, கூரையைத் திறந்துவிட்டு நான்கு வழிச்சாலையில ஏறுங்க.