மூலை மழுங்கினால் விலை மழுங்கும்!

அமெரிக்கச் சிறுவர்கள் பேஸ்பால் கார்டுகளை என்னென்னவோ செய்திருக்கிறார்கள். சைக்கிள் சக்கரக் கம்பிகளில் படும்படி கிளிப் போட்டு மாட்டி, மோட்டார் சைக்கிள் மாதிரி படபடவென்று ஓசை எழுப்பியிருக்கிறார்கள். சுவரை நோக்கி வீசி பந்தயம் ஆடியிருக்கிறார்கள். கட்டாகச் சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறார்கள். பிடித்த வீரரின் கார்டில் பேனாவால் மீசையும் வரைந்திருக்கிறார்கள். பையன் வளர்ந்து கல்லூரிக்குப் போனதும், மிச்சமிருந்ததை அம்மா வீட்டைச் சுத்தம் செய்யும்போது குப்பையில் போட்டிருக்கிறார்.

அதனால்தான், அடிபடாமல் தப்பித்த ஒரு சில கார்டுகளுக்கு இன்று அத்தனை விலை. 1952-ல் டாப்ஸ் நிறுவனம் பபிள்கம் பாக்கெட்டில் வைத்து விற்ற மிக்கி மேன்டில் கார்டு ஒன்று, 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 10-க்கு 9.5 மதிப்பெண் வாங்கிய கார்டு அது. 9 வாங்கிய இன்னொரு மேன்டில் கார்டு, 2021-ல் 52 லட்சம் டாலருக்குக் கைமாறியது. படம் ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். வேறுபாடு அட்டையின் நிலையில் இருக்கிறது. அதே கார்டு மடிப்பு விழுந்து, மூலை உருண்டு கிடைத்தால் இந்த விலையை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அந்த நிலையை எப்படி எடை போடுகிறார்கள்?

'குட்' என்றால் நல்லது இல்லை!

1991-ல் தொடங்கிய பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள், கார்டைப் பரிசோதித்து 1 முதல் 10 வரை மதிப்பெண் போடுகின்றன. பிறகு கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடிவிடுகின்றன. 10 என்றால் 'ஜெம் மின்ட்', 9 என்றால் 'மின்ட்'. புதியவர்கள் ஏமாறும் இடம் கீழ்ப்படிகள்தான். 'எக்ஸலன்ட்' என்பது வெறும் 5. 'வெரி குட்' 3. 'குட்' என்றால் 2 மதிப்பெண்தான்! "நல்ல நிலையில் இருக்கிறது" என்று விற்பவர் சொன்னால், எந்த 'நல்ல' என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான்கு இடங்களில் கண் வேண்டும்

முதலில் மூலைகள். கார்டு முதலில் அடிபடுவது அங்கேதான். வெறும் கண்ணுக்குக் கூர்மையாகத் தெரியும் மூலை, 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸில் பஞ்சு பிரிந்தது போல் தெரியும். அந்தச் சிறு நார் பிரிதலே மதிப்பெண்ணைக் குறைத்துவிடும்.

அடுத்தது ஓரங்கள். அடர் நிற ஓரம் கொண்ட கார்டுகளில் சின்ன உதிர்வும் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். 1971-ல் டாப்ஸ் வெளியிட்ட கார்டுகளுக்குக் கறுப்பு ஓரம். அந்த வரிசையில் ஓரம் உதிராத கார்டு கிடைப்பது குதிரைக் கொம்பு. சிலர் அந்த வெள்ளையைக் கறுப்புப் பேனாவால் மறைத்துவிடுவார்கள். அதுவும் லென்ஸில் மாட்டிக்கொள்ளும்.

மூன்றாவது மேற்பரப்பு. கார்டை விளக்கின் கீழ் நேராக வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. மெல்லச் சாய்த்துத் திருப்ப வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் படும்போது மெல்லிய மடிப்பு, கீறல், அழுத்தித் தேய்த்த தடம் எல்லாம் எழுந்து வரும். பின்பக்கத்தையும் விடக்கூடாது. பபிள்கம் ஒட்டிய கறை, உறையின் மெழுகுக் கறை, ஆல்பத்தில் ஒட்டியிருந்த பசை, குண்டூசி ஓட்டை, சிறுவன் எழுதிய பெயர் என்று பாதிக் கதை பின்பக்கத்தில்தான் இருக்கும்.

நான்காவது, படம் நடுவில் இருக்கிறதா என்பது. இதை வீட்டிலேயே ஸ்கேல் வைத்துக் கணக்கிடலாம். இடது ஓரத்து வெள்ளை 3 மில்லிமீட்டர், வலது ஓரத்து வெள்ளை 2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் 5. அதில் 3 என்பது 60 சதவீதம், 2 என்பது 40. எனவே அந்த கார்டு '60-40'. மேலும் கீழும் இதே கணக்குதான். இரு பக்கமும் 50-50-ஐ நெருங்க நெருங்க மதிப்பு. 70-30-க்கு மேல் சாய்ந்துவிட்டால், நான்கு மூலையும் ஊசி மாதிரி இருந்தாலும் உயர்ந்த மதிப்பெண் கிடையாது. இத்தனைக்கும் இது கார்டை வைத்திருந்தவரின் தவறே இல்லை. அச்சகத்தில் வெட்டும்போதே நேர்ந்த கோணல்!

கத்தரி போட்டவர்

மழுங்கிய மூலையை என்ன செய்வது? ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டால் புதிய கூர்மையான மூலை கிடைத்துவிடுமே! இந்த யோசனைதான் இந்தத் துறையின் மிகப் பெரிய மோசடிக்கு வழிவகுத்தது.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி தன் சிகரெட் பாக்கெட்டுகளில் வைத்து வெளியிட்ட பேஸ்பால் வரிசைக்கு சேகரிப்பாளர்கள் வைத்த பெயர் டி206. அதில் ஹோனஸ் வாக்னர் கார்டு மட்டும் பாதியில் நிறுத்தப்பட்டதால் மிகச் சிலவே மிஞ்சின. அவற்றில் ஒன்று அதிசயிக்கும்படி புத்தம் புதிதாக இருந்தது. 1991-ல் ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கி, தன் அணி உரிமையாளர் புரூஸ் மெக்னாலுடன் சேர்ந்து அதை 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு வாங்கினார். பி.எஸ்.ஏ. நிறுவனம் மதிப்பெண் போட்ட முதல் கார்டே அதுதான். கிடைத்தது 8. கைமாறிக் கைமாறி 2007-ல் 28 லட்சம் டாலரை எட்டியது.

ஆனால் ஆரம்பம் முதலே சேகரிப்பாளர்கள் மத்தியில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. சட்டைப் பையில் கிடந்த சிகரெட் பாக்கெட்டிலிருந்து வந்த அட்டைக்கு இவ்வளவு கூரான மூலைகளா? 2013-ல் விடை வந்தது. அந்த கார்டை 1985-ல் வாங்கி விற்ற பிரபல ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, வேறு ஏல மோசடிகளுக்காக நீதிமன்றத்தில் நின்றபோது, அதன் பக்கங்களைத் தான் வெட்டியதாக ஒப்புக்கொண்டார். 2015-ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

நிபுணர்களே ஏமாந்த இடம் இது. அதனால் இன்று வாங்குபவர்கள் சில சோதனைகளை விடுவதில்லை. முதலில் அளவு. டி206 கார்டின் அகலம் சுமார் 1 7/16 அங்குலம், உயரம் 2 5/8 அங்குலம். 1952 டாப்ஸ் கார்டு 2 5/8-க்கு 3 3/4 அங்குலம். அதே வரிசையைச் சேர்ந்த, விலை குறைந்த சாதாரண கார்டு ஒன்றை வாங்கி, இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்ப்பது எளிய வழி. பழைய கார்டுகள் எல்லாமே ஓர் அளவில் வெட்டப்பட்டவை அல்ல என்பதால் அளவு மட்டும் போதாது. ஓரத்தின் நிறத்தையும் பார்க்க வேண்டும். முகமெல்லாம் பழுப்பேறியிருக்க, ஓரம் மட்டும் வெளேரென்று இருந்தால் சந்தேகம்தான்.

போலியைப் பிடிக்க ஒரு புற ஊதா விளக்கும் உதவும். வெண்மையைக் கூட்டும் ரசாயனம் காகிதத்தில் கலக்கப்பட்டது இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்துக்குப் பிறகுதான். 1909-ம் ஆண்டுக் கார்டு என்று சொல்லப்படுவது, இருட்டில் அந்த விளக்குக்கு நீல வெண்மையாக ஒளிர்ந்தால், அது 1909-ல் பிறந்திருக்க வாய்ப்பில்லை. லென்ஸ் வைத்தால் இன்னொன்றும் தெரியும். பழைய அச்சில் வீரரின் பெயர் எழுத்துகள் மையால் முழுமையாக நிரம்பியிருக்கும். இக்கால நகல்களில் எழுத்துகூட புள்ளி புள்ளியாகச் சிதறித் தெரியும்.

தொடாமல் இருப்பதே பராமரிப்பு

பரணில் பழைய கார்டுகள் கிடைத்தவர்கள் செய்யும் முதல் தவறு, அவற்றைச் 'சுத்தம்' செய்வது. ரப்பரால் அழிப்பது, ஈரத்துணியால் துடைப்பது, மடிப்பை இஸ்திரி போட்டு நீக்குவது எல்லாமே இருக்கும் மதிப்பையும் கெடுக்கும். வெட்டியது, வண்ணம் பூசியது, மூலையை ஒட்டிச் சரிசெய்தது தெரிந்துவிட்டால் மதிப்பெண்ணே கிடையாது. 'திருத்தப்பட்டது' என்ற முத்திரைதான் கிடைக்கும்.

கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஓரங்களை மட்டும் பிடித்து எடுக்க வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் உறையில் நுழைத்து, அதை விறைப்பான உறைக்குள் வைத்தால் போதும். ரப்பர் பேண்ட், பசை ஆல்பம், வெயில், ஈரம் நான்கும் ஆகாது.

அப்படியானால் கிழிந்த கார்டு குப்பையா? 2022 பிப்ரவரியில் இன்னொரு ஹோனஸ் வாக்னர் கார்டு ஏலத்துக்கு வந்தது. பாதியே காணோம்! கிழிந்து மீந்த மறுபாதிதான் விற்பனைக்கு வந்தது. அது போன விலை 4 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்கும் மேல்.

அந்தப் பாதிக் கார்டு தன் கிழிசலை மறைக்கவில்லை. வாங்கியவருக்கும் தான் எதை வாங்குகிறோம் என்று தெரிந்திருந்தது. கத்தரி போட்ட கார்டை வாங்கியவர்களுக்குத்தான் அது தெரியவில்லை.